பாஸில் வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்பது அண்ணன் போட்ட நிபந்தனை. ஏன் ஆறு மணி, ஏழு மணிக்கு வந்தால் கதவைத் திறக்க மாட்டாயா என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஆளைச் சம்மதிக்க வைத்தவள் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எனக்கும் அவசரம் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அண்ணன் ஊரையும் தாண்டி வெகுதூரத்தில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்பில் நான் சேர வேண்டும். அதற்கு அண்ணன் ஊரிலிருந்து அன்று இரவு ஏழு நாற்பதுக்கு ரயில். இருபத்து மூன்று வருடம் சின்னச் சின்ன லேப்களில் ஊசி குத்தி, குப்பியில் பேர் ஒட்டி, நான் பார்த்து எழுதிய ரிப்போர்ட்டில் வேறு யாரோ கையெழுத்துப் போடுவதைப் பார்த்தே காலம் போய்விட்டது. இதே மாதிரி வேலைக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போய், இரண்டு நாள் கழித்து, பணிமனையில் ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு பழைய பஸ்ஸுக்குள் கிடைத்தார். இரண்டு தடவையும் 'வர முடியாத சூழ்நிலை' என்று எழுதிப் போட்டேன். இது மூன்றாவது. நாற்பத்தேழு வயதுக்காரியை நான்காவது தடவை கூப்பிட அவர்களுக்கு என்ன தலையெழுத்தா.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பணிமனையில் அவருக்கு 'விசில்' என்று பேர். வீட்டிலும் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட விசில் ஊதிக் கூப்பிட்டதுதான் அதிகம். இப்போது எண்பது வயது. ஞாபகம் வரும், போகும். காலையில் சாப்பிட்டோமா என்று மதியம் தெரியாது. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய தடத்தில் எத்தனை நிறுத்தம், எந்த நிறுத்தத்தில் எந்தப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கும் என்று கேளுங்கள், மனிதர் தடங்கலில்லாமல் சொல்வார். அம்மா போன பிறகு ஒன்பது வருடமாக என்னோடுதான் இருக்கிறார்.

பெரியவனைப் பார்த்துவிட்டு வருவோம், இரண்டு நாள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பெரியவன் என்பது அண்ணன். அண்ணன் வீடு கட்டி நாலு வருடமாகிறது. நாங்கள் அதைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. கார் பிடித்துப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"நிறுத்தமே இல்லாத வண்டியில போறதுக்கு நான் என்ன பார்சலா?" என்றார்.

ஆகவே பஸ், அதன் பிறகு ரயில். கிளம்பும்போது வாசலில் இருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?" என்று கேட்டார். ஒன்றில் அவருடைய துணி, மருந்து, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் இருந்தது. இன்னொன்றில் என் மொத்த வாழ்க்கையும் இருந்தது, அப்படியும் பெட்டி நிறையவில்லை. "அண்ணிக்குக் கொஞ்சம் சாமான்" என்றேன். பொய் சொல்லிப் பழகாதவள் இல்லை நான். மாத்திரையை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கிறவள்தானே.

காலை ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஐந்தேகாலுக்கே நிலையத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டார். கண்டக்டருக்கு முப்பது வயது இருக்கும். நான் எங்கள் பாஸ் அட்டைகளைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஐயா நம்ம டிபார்ட்மென்ட்டா?" என்று கேட்டு, முன்பக்கக் கதவை ஒட்டிய சீட்டில் இருந்தவரை எழுப்பி அப்பாவை உட்கார வைத்தார். நான் பின்னால் தள்ளி ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அப்பா டியூட்டியில் ஏறிவிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, ஆட்களை எண்ணினார். "இருபத்தொம்போது. கரெக்டா?" என்பார். கண்டக்டர் தன் கையில் இருந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, "கரெக்ட்டுங்க ஐயா" என்பார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தப் பாஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஊழியர் குடும்பத்துக்குப் போட்டோ ஒட்டிய ஒரு இலவச அட்டை உண்டு, ஓய்வு பெற்ற பிறகும் உண்டு. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டும் வண்டியில் இருக்கும் தலையும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் செக்கிங் ஏறினால் முதலில் அதைத்தான் எண்ணுவார்கள். பாஸில் வந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் அம்மாவும் அண்ணனும் நானும் போவோம். பேனாவை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வருவார். எங்கள் சீட் வந்ததும் பேனா எங்களைத் தாண்டிக் குதித்து அடுத்த சீட்டுக்குப் போய்விடும். அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்ததும் பாஸ் நின்றுவிட்டது. ஆண் பிள்ளைக்கு அதுதான் விதி. அதற்கப்புறம் அப்பா தன் கையாலேயே அவனுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், அவனையும் எண்ணினார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை பாஸ் உண்டு. எனக்கு ஆகவில்லை. என் அட்டையில் பேருக்குக் கீழே 'மணமாகாத மகள்' என்று அச்சடித்திருக்கும். வருடா வருடம் புதுப்பிக்கப் போகும்போது அந்த அலுவலகத்து ஆள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஆமாம், இன்னும் அப்படியேதான் என்று நான் தலையாட்டுவேன்.

ஒன்பது மணிக்கு வண்டியைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். கால்மணி நேரம் என்றார் கண்டக்டர். அப்பாவைப் பிடித்து இறக்கும்போதுதான் பார்த்தேன், பேன்ட் நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தூரத்தில் இருந்த விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். இது எங்களுக்குள் பழக்கம். அவர் எதையாவது படிப்பார், நான் ஆக வேண்டியதைப் பார்ப்பேன். கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் துடைத்துவிட்டு, வேறு பேன்ட் போட்டுவிட்டு, பஸ்ஸில் அதே சீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

"இங்கயே இருங்கப்பா. இதை அலசிட்டு வந்துடறேன்."

"சரி சரி, போ" என்றார்.

பெண்கள் பக்கத்துக் குழாயில் கூட்டம். எனக்கு முன்னால் நாலு பேர். முறை வந்து நான் பேன்ட்டை அலசிப் பிழிந்துகொண்டிருந்தபோது விசில் கேட்டது. பஸ் விசில் இல்லை, வாயால் ஊதிய விசில். அந்த விசில் எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். சொட்டச் சொட்ட அந்தப் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். வண்டி சாலையில் ஏறித் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கதவருகே அப்பாவின் கை வெளியே நீண்டு, போகலாம் என்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

கத்தினேன். பிழிந்த பேன்ட்டை ஆட்டிக் காட்டினேன். அந்த இடத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்களே தவிர, பஸ்ஸில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. பெட்டிகள் இரண்டும் அதில். அப்பா அதில். ரயில் டிக்கெட்டும் போனும் மட்டும் என் கைப்பையில். அவரிடம் போன் கிடையாது. கொடுத்ததை எல்லாம் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டார். பன்னிரண்டு பத்துக்கு ரயில். அது போனால் இன்னொன்று ஒன்று ஐம்பதுக்கு, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற வண்டி.

அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அதன் கண்டக்டர் நல்ல மனிதர், போன் போட்டு விசாரித்துச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. போய் இறங்கின உடனே உங்கப்பாவை டைம் கீப்பர் ரூம்ல உட்கார வச்சிடுவாங்க. பெட்டியும் பத்திரமா இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "எல்லாரும் ஏறியாச்சுன்னு அவர்தான் சொன்னாராம். பெரியவர், சர்வீஸ் ஆளு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எடுத்துட்டாங்களாம்" என்றார். நான் சன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். பயமாக இல்லை. அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு மகள் பதற வேண்டிய நேரத்தில், எனக்கு வயிறு முழுக்கக் கோபம்தான் இருந்தது.

நாங்கள் ரயில் ஏற வேண்டிய ஊருக்குப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். டைம் கீப்பர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல நாற்காலியில், கையில் டீயோடு இருந்தார். சுற்றி நாலைந்து ஓட்டுநர்களும் கண்டக்டர்களும். பிரேக் பிடிக்காத வண்டியை மலைப்பாதையில் இறக்கிய கதை நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார், நான் பக்கத்து அறையிலிருந்து வந்த மாதிரி.

"ஏம்பா ரைட் குடுத்தீங்க?"

"எல்லாரும் ஏறியாச்சே. முப்பத்தாறு டிக்கெட், முப்பத்தாறு தலை. ரெண்டு தடவை எண்ணினேன்."

"நான் ஏறலையேப்பா."

"நீ பாஸ்ல."

"பாஸ்னா ஆள் இல்லையா?"

"பாஸ் ஆளை எண்ணக் கூடாது பாப்பா" என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். "எண்ணினா டிக்கெட் குறையும். செக்கிங் வந்தா யாரு பதில் சொல்றது?"

டைம் கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா இன்னும் ஒரு ட்ரிப்புகூட மறக்கலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் பெட்டிகளை எடுத்தேன், ஈரப் பேன்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்தேன். அண்ணனுக்குப் போன் போட்டு ரயில் போய்விட்டது, அடுத்த வண்டி ஐந்து இருபதுக்குத்தான் வந்து சேரும் என்றேன். "ஆறு மணி பாப்பா, ஆறு மணி" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை, அப்பா நன்றாக இருக்கிறாரா என்றுகூட.

ஒன்று ஐம்பது ரயிலில் மரப் பலகை சீட். எதிரே ஒரு பூட்டு ரிப்பேர்காரர், மடியில் கருவிப் பையோடு. வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அப்பா எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். நாலாவது தடவை என் கையைத் தட்டிவிட்டு, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார்.

அதோடு என் பொறுமை முடிந்தது. சொல்லக் கூடாது, அங்கே போய் அண்ணன் வாயால் சொல்லட்டும் என்று வைத்திருந்ததைப் போட்டு உடைத்தேன்.

"ரெண்டு நாளைக்குப் போகலைப்பா. இனிமே நீங்க அண்ணன்கூடத்தான் இருக்கப் போறீங்க. எனக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. உங்களை அங்க விட்டுட்டு நான் போகப் போறேன்."

பூட்டு ரிப்பேர்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா என்னையே பார்த்தார். இந்த நேரத்துக்காக நான் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எல்லாம் ஒத்திகை பார்த்தாயிற்று. என்னைத் தள்ளிவிடறியா என்பார். இல்லப்பா என்று தொடங்கி நான் சொல்ல வேண்டிய பதில் முழுதாகத் தயாராக இருந்தது. அழுதால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு.

"பெரியவன் கேட்டானா?"

"என்னது?"

"அப்பாவை அனுப்புன்னு பெரியவன் கேட்டானா?"

மூன்று மாதம். எத்தனை போன், எத்தனை மெசேஜ். நீயும் அவருக்குப் பிள்ளைதானே என்று ஒரு தடவை கத்தியிருக்கிறேன். ஒரு தடவை அழுதே இருக்கிறேன். அதையெல்லாம் எடுத்து அவர் முகத்தில் விட்டெறிய ஒரு நிமிடம் போதும். விட்டெறிந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"ஆமா" என்றேன். "அவன்தான் கேட்டான். ஒத்தைக்கால்ல நின்னான்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. இந்த வார்த்தையை வேறு எப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. கண், கன்னம், அந்தப் பொக்கை வாய், எல்லாம் சேர்ந்து ஒரே மலர்ச்சி. "எனக்குத் தெரியும்" என்றார். "கேப்பான்னு தெரியும். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்." எழுந்து நின்று, நல்ல சட்டையை எடு என்றார். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஓடுகிற ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் உதவி இல்லாமல், ஒவ்வொரு பொத்தானாக அவரே போட்டார். தினமும் காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். தனக்கு வராது என்பார். பிறகு கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

ஒன்பது வருடத்தில் எனக்கு அந்த முகத்தை ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. நான் அவரைப் பிரிய வருத்தப்பட்டுச் செத்துக்கொண்டிருக்க, மனிதர் மாப்பிள்ளை மாதிரி கிளம்புகிறார். குற்ற உணர்ச்சிக்காக நான் எடுத்து வைத்திருந்த இடமெல்லாம் சும்மா கிடந்தது, அதில் வயிற்றெரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"என் பையன் கூப்பிட்டிருக்கான்" என்று பூட்டு ரிப்பேர்காரரிடம் சொன்னார். "இனிமே அங்கதான்."

"கொடுத்து வச்சவர்ங்க. இந்தக் காலத்துல யாரு கூப்பிடறாங்க" என்றார் அவர். பிறகு மரியாதைக்காக என் பக்கம் தலையசைத்து, "இவங்க?" என்றார்.

"என்னைக் கொண்டுபோய் விட வந்திருக்கா" என்றார் அப்பா.

ஐந்து இருபத்திரண்டுக்கு இறங்கினோம். அண்ணன் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தான். நாலு வருடத்தில் தொப்பை விழுந்திருந்தது, அப்பாவின் வழுக்கை அப்படியே வந்திருந்தது. முதலில் கடிகாரத்தைப் பார்த்தான், அப்புறம் எங்களை. அப்பா போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இளைச்சுட்டியேடா" என்றார். அவன் கார் எங்கே நிற்கிறது என்று சொன்னான்.

அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போய்ப் பெட்டியை ஏற்றினோம். "நல்லவேளை" என்றான். "ஆறு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க. இன்னிக்கு சேர்க்கலைன்னா அந்த ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"எந்த ஆபீஸ்?"

அவன் டிக்கியைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னான். முதியோர் இல்லமாம். ஊரிலேயே நல்ல இல்லமாம். நர்ஸ் உண்டு, டாக்டர் வாரம் இரண்டு நாள் வருவார், தனி அறை.

"வீட்ல வச்சுக்கறேன்னுதானே சொன்னே?"

"வீட்ல முடியாது பாப்பா. படி ஏறணும். அண்ணிக்கு முதுகு முடியலை. நான் காலையில போனா ராத்திரி வர்றேன். யாரு பாக்கறது?"

"மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ கூட்டிட்டு வந்திருப்பியா?"

அவனைக் காறித் துப்பியிருக்கலாம். ஸ்டேஷன் வாசலில் நின்று நாலு பேர் பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். பன்னிரண்டு பத்து ரயிலைப் பிடித்து மூன்று மணிக்கே வந்து இறங்கியிருந்தால் கட்டாயம் கேட்டிருப்பேன். சண்டை போட மூன்று மணி நேரம் இருந்திருக்கும், சண்டை போட்டு அப்பாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டும் போயிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உள்ளே ஒலிபெருக்கி, எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிப் போகிற வண்டி ஐந்து ஐம்பதுக்கு மூன்றாவது நடைமேடையில் என்று அறிவித்தது. அதில் ஏறினால், நாளைக்குக் காலையில் போன் போட்டு 'வர முடியாத சூழ்நிலை' என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். மணி ஐந்து முப்பத்தைந்து. அண்ணனைத் திட்டுவதற்கு முன்னால் நான் செய்தது, மணி பார்த்ததுதான்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "சீக்கிரம் போ" என்றேன்.

அது பெரிய கட்டடம். முன்னால் புல்வெளி, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், ஓரம் முழுக்கப் பிடித்து நடக்கக் கம்பி. உள்ளே நுழையும்போதே கிருமிநாசினி வாசனை. இருபத்து மூன்று வருடமாக நான் சுவாசிக்கும் அதே வாசனை. மேசைக்குப் பின்னால் இருந்த மேற்பார்வையாளர் அம்மா படிவத்தை நீட்டினார். அண்ணன் அதை வாங்கி என் பக்கம் தள்ளினான். "நீயே எழுதிடு. மருந்தெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

எழுதினேன். மருந்து மட்டும் பதினொன்று. ஒவ்வாமை, பழைய அறுவை சிகிச்சை, எந்தக் காது கேட்காது, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் இருமல் வரும், எல்லாம் எழுதினேன். கடைசியில், 'கொண்டுவந்து சேர்ப்பவர்' என்று ஒரு கட்டம். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் வாசலில் போய் நின்று போனில் யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் என்று மேசைக்காரம்மா சொன்னார். கையெழுத்துப் போட்டேன். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டில் என் கையெழுத்து மட்டும் இருந்தது அதுதான்.

அறை நன்றாகத்தான் இருந்தது. பணிப்பெண் பெட்டியை வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பை நீவிவிட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார், சன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய வீடா கட்டியிருக்கான் பாரு" என்றார். "எனக்குன்னு தனி ரூம் வேற."

பணிப்பெண் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்று நம்ப மாட்டார், இல்லை நம்புவார். அவர் நம்பினால் என்னால் அந்த அறையை விட்டுக் கிளம்ப முடியாது.

"ஆமாப்பா" என்றேன். "உங்களுக்குன்னே போட்டானாம்."

"நீ கிளம்பு பாப்பா. உனக்கு வேலை இருக்கில்ல." என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கிட்ட சொன்னதில்லை. ஒம்போது வருஷமா உன் வீட்ல இருந்தது எனக்குக் கூச்சம்தான். பொண்ணு வீட்ல எத்தனை நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடறதுன்னு. ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கினதில்லை. இனிமே அந்தக் கவலை இல்லை பாரு" என்றார்.

நான் அவருடைய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் சரியாக வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

"பெரியவன் எங்க?" என்றார்.

"வேலையா வெளியில போயிருக்கான்பா."

"ராத்திரி சாப்பிட எத்தனை மணிக்கு வருவான்? சேர்ந்து சாப்பிடலாம்னு இருக்கேன்."

"எட்டு மணிக்கு வந்துடுவான்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, கதவைப் பார்க்கிற மாதிரி நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். என் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் ஸ்டேஷனில் விடுகிறேன் என்றான், விடட்டும் என்று ஏறிக்கொண்டேன். என் ரயில் ஏழு நாற்பதுக்கு. எட்டு மணிக்கு அது ஊரைத் தாண்டி இருபது நிமிடம் போயிருக்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் எட்டு என்று சொன்னேன்.